வளாகத்தின் பசுமையை ட்ரோனில் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக வளாகத்தின் மேலே ட்ரோனைப் பறக்கவிட்டு மரம் எவ்வளவு, புல் எவ்வளவு, வெறும் கான்கிரீட் எவ்வளவு என்று அளக்க இறங்குகிறவர்கள் ஆசிரியரோ மாணவரோ நிர்வாகத்தாரோ, கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான் அதிகம் எதிர்கொண்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம். ஆனால் "பச்சையாகத் தெரிவதெல்லாம்" என்று தொடங்கும் கேள்வியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

வளாகம் பசுமையாக இருப்பது கண்ணாலேயே தெரிகிறதே, இதற்கு எதற்கு ட்ரோன்?

கண்ணுக்குத் தெரிவது நாம் தினமும் நடக்கிற பாதையின் பச்சை. நுழைவாயிலில் இரண்டு பக்கமும் மரம், நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் பூச்செடி, நடுவில் ஒரு புல்வெளி. ஆய்வகங்களுக்குப் பின்னால் கிடக்கும் மண்தரை, விடுதிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் உள்ள இடம், ஒரு மரம்கூட இல்லாத வாகன நிறுத்தம், இதெல்லாம் யார் நினைவிலும் நிற்பதில்லை. மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் எல்லாம் அதனதன் அளவில் தெரியும்போதுதான், நாம் பெருமைப்பட்ட பகுதி மொத்தத்தில் எவ்வளவு சின்னது என்று புரிகிறது. எந்த வளாகத்திலும் அந்தப் படத்தை முதன்முதலில் பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

சில வேலைகளுக்குப் போதும், சிலவற்றுக்கு அதுதான் சிறந்தது. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்களில் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். சுமார் 5 நாளுக்கு ஒருமுறை புதுப் படம் வரும். அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையான லேண்ட்சாட் 30 மீட்டர்தான், ஆனால் 1982-லிருந்து அதே அளவில் படங்கள் இருக்கின்றன. 40 ஆண்டுகளுக்கு முன் உங்கள் வளாகம் இருந்த இடத்தில் என்ன இருந்தது என்று எந்த ட்ரோனாலும் சொல்ல முடியாது, லேண்ட்சாட்டால் சொல்ல முடியும்.

ஆனால் 10 மீட்டர் சதுரத்துக்குள் ஒரு மரம், பாதி நடைபாதை, கொஞ்சம் புல், ஒரு பெஞ்ச் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாகிவிடும். அதே சதுரத்தை 100 மீட்டர் உயரத்தில் பறக்கும் சாதாரண ட்ரோன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்களாகப் பார்க்கிறது. வளாகம் என்பதே இப்படித் துண்டு துண்டான நிலம்தான், அதனால் இங்கே ட்ரோனுக்கு வேலை இருக்கிறது. வரலாற்றுக்குச் செயற்கைக்கோள், நுணுக்கத்துக்கு ட்ரோன் என்று இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த கேமரா வேண்டும்?

கேட்க வேண்டிய கேள்வியைப் பொறுத்தது. எங்கே மரம், எங்கே கட்டடம், எங்கே தார் என்று பிரிக்க மட்டும் வேண்டுமென்றால் சாதாரண வண்ணக் கேமரா போதும். பச்சை அலைவரிசையை இரண்டால் பெருக்கி, அதிலிருந்து சிவப்பையும் நீலத்தையும் கழிக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. அதை வைத்தே முதல் வரைபடத்தைத் தயாரித்துவிடலாம்.

செடியின் உடல்நிலை தெரிய வேண்டுமென்றால் அண்மை அகச்சிவப்பைப் பதிவுசெய்யும் பல்லலைக் கேமரா தேவை. நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அண்மை அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்பும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் −1 முதல் +1 வரை ஓர் எண் வரும். அதைத்தான் என்டிவிஐ என்கிறார்கள். வெறும் மண்ணும் கான்கிரீட்டும் பூச்சியத்துக்கு அருகே, அடர்ந்த இலை 0.6-க்கு மேலே. ஒரு குறை: அடர்த்தியான மரக்கூட்டத்தில் இந்த எண் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும், அங்கே நல்ல மரத்துக்கும் மிக நல்ல மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட சிவப்பு விளிம்பு அலைவரிசை உள்ள கேமரா அப்போது உதவும்.

மூன்றாவது வெப்பக் கேமரா. அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும், எத்தனை நேரம் ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அங்குல சென்சார் உள்ள 20 மெகாபிக்சல் கேமரா 100 மீட்டர் உயரத்தில் ஒரு படத்தில் தோராயமாக 150 மீட்டருக்கு 100 மீட்டர் நிலத்தைப் பிடிக்கும், ஒரு பிக்சல் சுமார் 2.7 சென்டிமீட்டர். படங்களைத் தைத்து ஒன்றாக்க வேண்டுமென்றால் அடுத்தடுத்த படங்கள் முன்பின்னாக 75 விழுக்காடும் பக்கவாட்டில் 70 விழுக்காடும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். அப்படியானால் 100 ஹெக்டேர் வளாகத்துக்கு 23 கோடுகள், மொத்தம் 23 கிலோமீட்டர், தொள்ளாயிரத்துச் சொச்சம் படங்கள். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பறந்தால் திருப்பங்களையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும், பேட்டரி மூன்று வேண்டியிருக்கும்.

அதே வளாகத்தை 60 மீட்டரில் பறந்தால் பிக்சல் 1.6 சென்டிமீட்டராகக் குறையும், படங்கள் 2,500-ஐத் தாண்டும். கணினி தைக்கும் நேரமும் அதற்கேற்ப நீளும். பசுமைப் பரப்பை அளக்க 100 மீட்டரே தாராளம் என்பது என் கருத்து. இன்னும் கூர்மையாக வேண்டும் என்ற ஆசையில் தாழப் பறக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கூர்மையைப் பயன்படுத்துவதே இல்லை. மரங்கள் அடர்ந்த இடத்தில் மட்டும், இலைகள் காற்றில் ஆடித் தையல் பிசகும் என்பதால், படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் அளவை 80, 85 விழுக்காடாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தில், எந்தப் பருவத்தில்?

நண்பகலை ஒட்டிய இரண்டு மணி நேரம். நிழல் அப்போதுதான் குட்டை. மேகம் முழுக்க மூடியிருந்தாலும் பரவாயில்லை, துண்டு துண்டாக நகர்கிற மேகம்தான் மோசம், பாதிப் படங்கள் வெளிச்சத்திலும் பாதி இருட்டிலும் வந்து கணக்கையே குழப்பிவிடும்.

பருவம் இன்னும் முக்கியம். இலையுதிர்க்கும் மரங்கள் நிறைய உள்ள வளாகத்தை அவை மொட்டையாக நிற்கும் மாதத்தில் அளந்தால் ஒரு முடிவு, தளிர்த்தபின் அளந்தால் வேறு முடிவு. இரண்டும் உண்மைதான். முடிந்தால் இரண்டு பருவத்திலும் பறந்துவிடுங்கள். இலை இல்லாத காலப் படத்தில் மரத்துக்குக் கீழே உள்ள தரை தெரிவதால் தரைமட்டத்தைச் சரியாகக் கணக்கிட முடிகிறது, அது பிற்பாடு மர உயரம் பார்க்க உதவும்.

படங்களை எடுத்தாயிற்று, அப்புறம்?

வெப்ஓடிஎம் என்ற திறமூல மென்பொருளில் படங்களைக் கொடுத்தால், வளாகம் முழுவதற்கும் சாய்வு திருத்திய ஒரே வான்படத்தையும் மேற்பரப்பின் உயர மாதிரியையும் அது உருவாக்கித் தரும். அந்த இரண்டையும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, எது மரம், எது புல், எது கட்டடம் என்று சில புள்ளிகளைக் காட்டிக் கணினிக்குப் பயிற்சி கொடுத்து வகைப்படுத்தலாம். இரண்டு மென்பொருளுமே இலவசம்.

தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். சாதாரண ஜிபிஎஸ் உள்ள ட்ரோனின் படம் தரையில் சில மீட்டர் தள்ளி உட்காரும். ஒரே ஒருமுறை அளப்பதானால் அது பெரிதாகத் தெரியாது. இரண்டாவது ஆண்டு படத்தை முதல் ஆண்டின் மேல் வைக்கும்போது மரமெல்லாம் இரண்டடி நடந்துபோனது மாதிரி இருக்கும், வெட்டாத மரம் வெட்டியதாகவும் நடாத மரம் நட்டதாகவும் கணக்கு வரும். வளாகமெங்கும் ஏழெட்டு இடத்தில் நிலையான குறி வைத்து அவற்றின் இடத்தைத் துல்லியமாக அளந்து வைத்துக்கொண்டால், அல்லது தன் இடத்தைச் சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்திக்கொள்ளும் ஆர்டிகே வசதியுள்ள ட்ரோனை எடுத்துக்கொண்டு சரிபார்க்க இரண்டு மூன்று குறிகளை மட்டும் வைத்தால், இந்தத் தொல்லை இல்லை.

பச்சையாகத் தெரிவதெல்லாம் பசுமையா?

இல்லை. இந்த வேலையில் இறங்குகிற ஒவ்வொருவரும் தடுக்கி விழுகிற இடம் இது.

செயற்கைப் புல் போட்ட விளையாட்டுத் திடலை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணப் படத்தில் அதைவிடப் பச்சையான இடம் வளாகத்திலேயே இருக்காது. அகச்சிவப்பில் பார்த்தால் அது பிளாஸ்டிக், செடிக்கான அடையாளம் ஒன்றும் இல்லை. வெப்பக் கேமராவில் பார்த்தாலோ வெயில் நேரத்தில் பக்கத்தில் உள்ள நிஜப் புல்லைவிடப் பல பாகை அதிகமாகக் கொதித்துக்கொண்டிருக்கும். பச்சை வண்ணம் பூசிய தகரக் கூரையும் டென்னிஸ் ஆடுகளமும் இதே வகை.

அடுத்தது குளம். ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் என்டிவிஐ எண் அடர்ந்த தோட்டத்துக்கு இணையாக வரும், கணினியும் அதைப் பசுமைப் பரப்பில் சேர்த்துவிடும். ஆனால் அந்தச் செடி அப்படிக் கொழுத்து வளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் குளத்தில் கலக்கிற கழிவுநீரின் சத்துதான். நோயின் அறிகுறியை நாம் ஆரோக்கியத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். உண்ணிச்செடிப் புதரும் அப்படித்தான், மேலிருந்து பார்க்க அடர்பச்சை, கீழே வேறொன்றையும் முளைக்கவிடாது.

பிறகு புல்வெளி. வெட்டி, நீர் பாய்ச்சி, உரமிட்டுப் பராமரிக்கும் புல்வெளியும் பத்து ஆண்டாகக் கிளை விரித்து நிற்கும் மரமும் என்டிவிஐ எண்ணில் அருகருகே வரக்கூடும். ஒன்று தினமும் தண்ணீர் கேட்கிறது, நிழல் தருவதில்லை, ஓரிரு வகைப் புல்லைத் தவிர அங்கே எதுவும் இல்லை. மற்றொன்றில் நிழல், பறவை, பூச்சி, உதிர்ந்த இலையால் வளமாகும் மண். இந்த இரண்டையும் ஒரே பச்சையாகக் கூட்டி "எங்கள் வளாகம் இத்தனை விழுக்காடு பசுமை" என்று அறிவிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உயர மாதிரியைச் சேர்த்துக்கொண்டால் பிரிப்பது எளிது: 2 மீட்டருக்கு மேல் உள்ள பச்சை மரக்கவிகை, அதற்குக் கீழே புதரும் புல்லும். இப்படி மூன்று நான்கு வகையாகப் பிரித்துத் தனித்தனியே சொல்லுங்கள், ஒற்றை எண்ணாகச் சொல்லவே சொல்லாதீர்கள்.

மரங்களை எண்ண முடியுமா? கார்பன் கணக்கும் வருமா?

தனித்தனியாக நிற்கும் மரங்களை நன்றாக எண்ணலாம். உச்சி எங்கே இருக்கிறது என்று உயர மாதிரியில் தேடி ஒவ்வொரு உச்சிக்கும் ஒரு மரம் என்று கணினி குறித்துக்கொள்ளும். கிளைகள் பின்னிக் கிடக்கும் தோப்பில் இது சரிப்படாது. மூன்று மரம் ஒன்றாகவும், விரிந்த ஒரே ஆலமரம் ஐந்தாறாகவும் எண்ணப்படும். பெரிய மரத்தின் கீழே வளரும் கன்றுகள் கண்ணிலேயே படாது.

கார்பன் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். மரத்தின் எடையைக் கணிக்கும் சமன்பாடுகள் பெரும்பாலும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தைக் கேட்கின்றன, அதோடு உயரமும் மரக்கட்டையின் அடர்த்தியும். ட்ரோன் தருவது உயரமும் கவிகையின் அகலமும். விட்டத்தை யாராவது போய் நாடா சுற்றித்தான் அளக்க வேண்டும், மர இனம் என்ன என்று தெரியாமல் அடர்த்தியும் கிடைக்காது. ஆகவே சில நூறு மரங்களைத் தரையில் அளந்து, அவற்றின் கவிகைக்கும் விட்டத்துக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்து, அதை மற்ற மரங்களுக்கு நீட்டிக்கலாம். கிடைத்த உலர் எடையில் கிட்டத்தட்டப் பாதி கார்பன், அதை 3.67-ஆல் பெருக்கினால் கார்பன் டைஆக்சைடு. இப்படிக் கிடைப்பது மதிப்பீடு மட்டுமே, மேலும் கீழும் எவ்வளவு மாறலாம் என்பதையும் அறிக்கையில் சேர்த்து எழுதுங்கள்.

வெப்பக் கேமராவால் என்ன பயன்?

நிழலின் மதிப்பு அதில்தான் எண்ணாகத் தெரிகிறது. ஒரே நடைபாதையில் மரம் இருக்கும் பகுதியும் இல்லாத பகுதியும் அருகருகே இரண்டு நிறமாக வரும்போது, அடுத்த மரத்தை எங்கே நட வேண்டும் என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. சோலார் பேனல்களில் பழுதான செல்கள் சூடான புள்ளிகளாகத் தெரியும். தட்டையான கூரையில் நீர் இறங்கிய இடம், சூரியன் மறைந்தபின் மற்ற இடங்களைவிட மெதுவாகக் குளிர்வதால் பிடிபடும்.

இரண்டு எச்சரிக்கை. இது அளப்பது மேற்பரப்பின் வெப்பத்தை; மாணவர்கள் உணரும் காற்றின் வெப்பம் வேறு. அப்புறம், பளபளப்பான உலோகக் கூரை வானத்தைப் பிரதிபலிப்பதால் உண்மையில் சுட்டாலும் படத்தில் குளிர்ச்சியாகத் தெரியும். அதைப் பார்த்து "இந்தக் கூரை நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

மழைநீருக்கு இதில் ஏதாவது உண்டா?

உண்டு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கூரைகளின் பரப்பு வான்படத்திலேயே இருப்பதால் சேமிக்கக்கூடிய நீரைக் கணக்கிடுவது சில நிமிட வேலை. நீர் இறங்கும் தரை, இறங்காத தரை என்று பிரித்து உயர மாதிரியோடு சேர்த்துப் பார்த்தால் மழைநீர் எந்த வழியாக ஓடி எங்கே தேங்கும் என்பதும் தெரியும். மரக்கவிகைக்கு அடியில் கான்கிரீட் இருந்தால் மட்டும் மேலிருந்து தெரியாது, நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தரவரிசைக்கு இந்த எண்களைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-ல் தொடங்கிய யூஐ கிரீன்மெட்ரிக் தரவரிசை திறந்தவெளியின் விகிதம், காடுபோன்ற தாவரப் பரப்பு, நட்டு வளர்த்த தாவரப் பரப்பு, நீர் உறிஞ்சும் நிலம் என்று தனித்தனியாகவே கேட்கிறது. இவை எல்லாம் ட்ரோன் வரைபடத்திலிருந்து நேரடியாக எடுக்கக்கூடியவை.

வளாகத்தின் எல்லை எது என்று முதலிலேயே எழுத்தில் முடிவுசெய்துவிடுங்கள். தொலைவில் உள்ள, மாணவர் யாரும் கால் வைக்காத நிலத்தையும் சேர்த்தால் விழுக்காடு எகிறும். வகுப்பறைகளும் விடுதிகளும் உள்ள பகுதியை மட்டும் எடுத்தால் அதே பல்கலைக்கழகம் வறண்டதாகத் தெரியும். எல்லையை வசதிக்கேற்ப வளைப்பது, என்னைக் கேட்டால், எண்ணையே திரிப்பதற்குச் சமம்.

தரவரிசையைவிட எனக்குப் பிடித்த அளவுகோல் ஒன்று உண்டு. நகர்ப்புறக் காடுகளை ஆராயும் செசில் கொனைனன்டைக் 2021-ல் முன்வைத்த 3-30-300 விதி: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரங்களாவது தெரிய வேண்டும், சுற்றுப்புறத்தில் 30 விழுக்காடு மரக்கவிகை வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பசுமைவெளி வேண்டும். வீட்டுக்குப் பதில் வகுப்பறை, விடுதி அறை என்று வைத்துக்கொண்டு உங்கள் வளாகத்தில் பொருத்திப் பாருங்கள். யாருக்குப் பசுமை கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று அது கேட்க வைக்கிறது.

கிடைத்த வரைபடம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணினியிடம் ஒரு 200 புள்ளிகளைக் கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அவற்றில் ஒவ்வொன்றும் உண்மையில் என்ன என்று தரையில் போய்ப் பாருங்கள். வரைபடம் மரம் என்றது எத்தனை இடத்தில் மரமாக இருந்தது, எத்தனை இடத்தில் நிழலாகவோ புதராகவோ இருந்தது என்று அட்டவணை போடுங்கள். அந்த அட்டவணையைச் சேர்க்காத அறிக்கையை நான் நம்புவதில்லை. சரிபார்க்கும் புள்ளிகளைக் கணினிக்குப் பயிற்சி கொடுத்த புள்ளிகளிலிருந்தே எடுக்கக் கூடாது, அது தேர்வுக்கு முன்பே வினாத்தாளைக் கொடுப்பது மாதிரி.

விடுதிகளின் மேல் ட்ரோன் பறந்தால் மாணவர்கள் பயப்பட மாட்டார்களா?

பயப்படுவார்கள், அதற்கு முழு உரிமையும் அவர்களுக்கு உண்டு. தங்கள் அறை ஜன்னலுக்கு வெளியே கேமராவோடு ஒன்று இரைந்துகொண்டு பறப்பதை "ஆராய்ச்சிதானே" என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது. எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பகுதி, யார் பொறுப்பு என்று ஒரு வாரம் முன்பே எல்லா விடுதியிலும் அறிவித்துவிடுங்கள். கேமரா நேர்கீழாக மட்டும் பார்க்கட்டும், சாய்வுப் படங்கள் வேண்டாம். 100 மீட்டரில் 2.7 சென்டிமீட்டர் பிக்சலில் முகம் அடையாளம் தெரியாது; தாழப் பறக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முடிந்தால் விடுமுறையில் பறக்கலாம். வரைபடம் தயாரானதும் மூலப் படங்கள் யாரிடம், எவ்வளவு காலம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பசுமைக்காக எடுத்த படத்தை மாணவர்களைக் கண்காணிக்க ஒருபோதும் தரமாட்டோம் என்று எழுத்திலேயே உறுதி கொடுங்கள். அந்த உறுதியைத் தர நிர்வாகம் தயங்கினால் அந்த வளாகத்தில் நான் ட்ரோனை எடுக்கவே மாட்டேன்.

பறவைகளுக்குத் தொந்தரவு இல்லையா?

இருக்கும், குறைக்கலாம். பிரான்ஸில் நீர்ப்பறவைகளை வைத்துச் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ட்ரோனின் நிறத்தையும் வேகத்தையும்விட அது நேர்மேலேயிருந்து செங்குத்தாக இறங்கியதுதான் பறவைகளை அதிகம் கலைத்தது. எனவே மரங்களிலிருந்து தள்ளி ஏற்றி, மேலே போனபின் வளாகத்துக்குள் வாருங்கள். கூடு கட்டும் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். பருந்து வட்டமிட்டு நெருங்கினால் வேலையை நிறுத்தி இறக்கிவிட வேண்டும், படம் நாளைக்கும் எடுக்கலாம்.

அனுமதி?

நாட்டுக்கு நாடு விதி வேறு. பல நாடுகளில் உச்ச உயரம் 120 மீட்டர், கண்பார்வைக்குள் பறக்க வேண்டும், கூட்டத்தின் மேல் பறக்கக் கூடாது. விமான நிலையம் அருகில் இருந்தால் தனி அனுமதி தேவை. பல்கலைக்கழகத்தின் அனுமதி வான்வழி ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதிக்கு ஈடாகாது, இரண்டும் வேண்டும்.

வளாகத்தின் சுற்றுச்சூழல் நிலைத்தன்மை முழுவதையும் ட்ரோனே சொல்லிவிடுமா?

சொல்லாது. மின்கட்டணம், உணவுக்கழிவு, ஆய்வகத்தில் கொட்டப்படும் ரசாயனம், மாணவர்கள் எதில் ஏறி வருகிறார்கள் என்பது, இவை எதுவும் மேலிருந்து தெரியாது. மரம் எந்த இனம், மண் எப்படி இருக்கிறது, அந்த நிழலில் யாராவது உட்காருகிறார்களா என்பதும் தெரியாது. இதற்கெல்லாம் தோட்டப் பணியாளர்களைக் கேளுங்கள். அச்சிட்ட வான்படத்தை அவர்கள் முன் விரித்து வைத்தால், எந்த மரம் எப்போது நட்டது, எது வேரில் அழுகிக்கொண்டிருக்கிறது, எந்தக் குழாய் உடைந்து எந்த மூலை மட்டும் எப்போதும் பச்சையாக இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். அறிக்கையில் அவர்கள் பங்கையும் சொல்லுங்கள்.

ஒருமுறை செய்தால் போதுமா?

ஒருமுறை எடுத்த படத்தில் நிலைமை தெரியும், போக்கு தெரியாது. அடுத்த ஆண்டு அதே மாதம், அதே நேரம், அதே உயரம், அதே கேமராவில் மறுபடி பறங்கள். பல்லலைக் கேமராவானால் பறக்கும் முன்பும் பின்பும், எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று முன்பே தெரிந்த ஒளி அளவீட்டுப் பலகையைப் படமெடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வெளிச்ச வித்தியாசத்தைச் செடியின் வித்தியாசம் என்று நினைத்துக்கொள்வோம்.

பணம் குறைவென்றால் முழு வளாகத்தை ஒருமுறை அளப்பதைவிட, கட்டடம் கட்டப்போகிற ஒரு பகுதியை மட்டும் மூன்று ஆண்டு தொடர்ந்து அளப்பது மேல். முதல் ஆண்டின் மரக்கவிகையிலிருந்து மூன்றாம் ஆண்டினதைக் கழித்து, மறைந்துபோன ஒவ்வொரு கவிகைக்கும் ஒரு வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் காரணத்தை எழுத இடம் விடுங்கள்: காற்றில் விழுந்ததா, நோயா, சாலைக்காக வெட்டியதா, அதற்குப் பதிலாக எங்கே நட்டார்கள். அடுத்த திட்டக் கூட்டத்துக்கு அந்த ஒரு தாளை எடுத்துப் போங்கள்.